செம்பு யாருக்கு, தூசி யாருக்கு?

எங்கள் வீட்டில் ஒரு செம்புக் குடம் இருக்கிறது. பாட்டி திருமணமாகிப் பேரிகைக்கு வந்த புதிதில் மண்பானையில்தான் தண்ணீர் எடுத்து வந்தார். ராகி அறுப்புக் கூலியைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஓசூர் சந்தையில் அந்தக் குடத்தை வாங்கினார். முதல் நாள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனபோது, ஊர்க்காரர் ஒருவர் நிறுத்தி, காலனிக்காரிக்குச் செம்புக் குடம் எதற்கு என்று தெலுங்கில் கேட்டாராம். அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. மறுநாளிலிருந்து பாட்டி பழையபடி மண்பானையை எடுத்தார். செம்புக் குடம் வீட்டுக்குள் ராகி போட்டு வைக்கும் பாத்திரமாகிவிட்டது.

போன மாதம் பழைய பாத்திரம் எடுப்பவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். குடத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "காப்பர் வெல ஏறிக் கெடக்குதும்மா, இப்பக் குடுத்தா நல்ல காசு" என்றார். பாட்டி கொடுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. லண்டன் உலோகச் சந்தையில் 2024 மே மாதம் செம்பின் விலை டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது. அதற்குப் பிறகும் ஏறியது. லண்டன் விலை பேரிகை காலனிக்கு வந்து சேர அதிக நாள் ஆவதில்லை.

செம்பைப் பற்றிப் பேச ஒரு சாதி ஒழிப்புத் தளத்தில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். நிறைய இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறெதையும் பயன்படுத்தக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. சாதி பற்றிய தன் நூலில் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். 1935 நவம்பரில் அகமதாபாத் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகத் தலித் பெண்கள் தாக்கப்பட்டதை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். பாட்டியிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒரு தனி மனிதரின் திமிர் மட்டுமில்லை. அது ஒரு சட்டம். எழுதப்படாத, எல்லோருக்கும் தெரிந்த சட்டம்.

உலோகத்தைத் தொடக் கூடாது என்று யாருக்குச் சொன்னார்களோ, அவர்களைத்தான் உலோகம் தோண்டப் பூமிக்குள் இறக்கினார்கள். இன்று உலகம் முழுக்கச் செம்புப் பற்றாக்குறை என்று பேசப்படும்போது நாம் நினைவில் வைக்க வேண்டிய முதல் செய்தி இதுதான்.

பற்றாக்குறை என்கிறார்கள்

மின்சாரம் போகும் இடமெல்லாம் செம்பு வேண்டும். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், காற்றாலை, சூரியத் தகடுகளை இணைக்கும் கேபிள், தரவு மையங்கள் என எல்லாவற்றிலும் அது ஓடுகிறது. ஒரு பெட்ரோல் காரில் சுமார் 23 கிலோ செம்பு இருக்கிறது என்றால், பேட்டரியில் ஓடும் காரில் 80 கிலோவுக்கு மேல் இருக்கிறது. பெட்ரோலையும் நிலக்கரியையும் விட்டு மின்சாரத்துக்கு மாறுவது என்பதன் பொருள், எண்ணெய்க் கிணற்றிலிருந்து செம்புச் சுரங்கத்துக்கு மாறுவதும்தான்.

இந்த மாற்றத்தை எங்கள் மாவட்டத்தில் கண்ணால் பார்க்கலாம். போச்சம்பள்ளியில் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலை இருக்கிறது. ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும் மின் ஸ்கூட்டர்கள் செய்கின்றன. காலை ஷிப்டுக்குப் பேரிகை, பாகலூர், சூளகிரி பக்கமிருந்து கம்பெனி பேருந்துகள் நிறைந்து போகின்றன. எங்கள் தெருப் பிள்ளைகளும் அவற்றில் போகிறார்கள், பெரும்பாலும் காண்ட்ராக்ட்டில். ஆகவே செம்பு வேண்டாம் என்று நான் எழுதப்போவதில்லை. அப்படி எழுதினால் என் தெருவே என்னைக் கேட்கும்.

செம்பு எங்கிருந்து வரும் என்பதில்தான் சிக்கல். சர்வதேச எரிசக்தி முகமை 2025இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இன்று இயங்கும் சுரங்கங்களையும் அறிவிக்கப்பட்ட புதிய திட்டங்களையும் சேர்த்தாலும், 2035இல் தேவையைவிட வரத்து சுமார் 30 விழுக்காடு குறைவாக இருக்கும். தாதுவின் தரம் இறங்கிவிட்டது. 1991இலிருந்து சராசரியாக 40 விழுக்காடு. அதாவது அதே ஒரு கிலோ செம்புக்கு முன்னைவிட அதிகப் பாறையை உடைக்க வேண்டும், அதிகத் தண்ணீரைச் செலவிட வேண்டும், அதிகக் கழிவை எங்காவது கொட்ட வேண்டும். ஒரு படிவைக் கண்டுபிடித்து அதிலிருந்து உற்பத்தி தொடங்கச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆகின்றன.

இருக்கிற சுரங்கங்களும் ஆழமாகிக்கொண்டே போகின்றன. 2025 ஜூலை 31 அன்று சிலியின் எல் தெனியந்தே சுரங்கம் இடிந்து 6 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று இந்தோனேசியாவின் பப்புவாவில் உள்ள கிராஸ்பெர்க் சுரங்கத்துக்குள் சேறு புகுந்து 7 பேர் இறந்தார்கள். இரண்டு செய்திகளும் வணிகப் பக்கங்களில்தான் பெரிதாக வந்தன. விலை எவ்வளவு ஏறும் என்ற கணக்கோடு. அதே ஆண்டு பிப்ரவரியில் ஸாம்பியாவில் ஒரு செம்புச் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து, அமிலக் கழிவு காஃபுவே ஆற்றில் கலந்தது. ஆற்று மீன் செத்து மிதந்தது. அது விலையை ஏற்றவில்லை. அதனால் பலருக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

சுரங்க நிறுவனங்களின் அறிக்கைகளில் வரத்துக்கான தடைகள் பட்டியலிடப்படும். தாதுவின் தரம், தண்ணீர்த் தட்டுப்பாடு, முதலீட்டுச் செலவு ஆகியவற்றோடு 'சமூக ஆபத்து' என்று ஒரு வரியும் இருக்கும். அந்த வரியில் இருப்பவர்கள் மனிதர்கள். பெருவின் லாஸ் பாம்பாஸ் சுரங்கத்திலிருந்து வரும் லாரிகளை மறித்து உட்காரும் கெச்சுவா பழங்குடிகள். 2023இல் வாரக்கணக்கில் சாலைகளை அடைத்து நின்ற பனாமா மக்கள். அந்தப் போராட்டத்தின் முடிவில், அந்த ஆண்டு நவம்பர் இறுதியில், பனாமா உச்ச நீதிமன்றம் சுரங்க ஒப்பந்தத்தை அரசமைப்புக்கு விரோதமானது என்றது. உலகச் செம்பில் சுமார் 1 விழுக்காட்டைத் தந்த சுரங்கம் மூடப்பட்டது. அறிக்கை எழுதுபவருக்கு இந்த மக்கள் ஓர் ஆபத்து. அவர்கள் பக்கமிருந்து பார்த்தால் யார் யாருக்கு ஆபத்து?

தூத்துக்குடியைக் குற்றம் சொல்லும் கணக்கு

இந்தியாவில் செம்பு என்று பேச்செடுத்தால் உடனே தூத்துக்குடி வந்துவிடும். ஸ்டெர்லைட் ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் உற்பத்தித் திறன் கொண்டது. நாட்டின் சுத்திகரித்த செம்பில் ஏறக்குறைய 40 விழுக்காடு. அது மூடப்பட்ட பிறகு, 2018-19இலிருந்து, சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா அதை இறக்குமதி செய்யும் நாடானது. போராட்டக்காரர்கள் நாட்டின் வளர்ச்சியைக் கெடுத்தார்கள் என்பது இதிலிருந்து எடுக்கப்படும் முடிவு. செம்பு விலை ஏறும்போதெல்லாம் இந்தப் பேச்சு திரும்ப வருகிறது.

வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். அந்த ஆலை முதலில் வரவேண்டியது மகாராஷ்டிராவின் ரத்னகிரிக்கு. அங்கே மாம்பழ விவசாயிகள் எதிர்த்தார்கள். 1994இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனால் சூழலைக் கெடுத்ததற்காக 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. மாசு நடந்தது என்று ஏற்றுக்கொண்டு, ஆலையும் ஓடட்டும் என்ற தீர்ப்பு அது. 2018 ஏப்ரலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவைப் புதுப்பிக்க மறுத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் உப்பாற்றுப் பக்கம் கொட்டப்பட்ட செம்புக் கசடும் ஒன்று. மே 22 அன்று, போராட்டத்தின் 100ஆம் நாளில், காவல்துறை சுட்டதில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். மே 28 அன்று அரசு ஆலையை மூடியது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் தன் அறிக்கையில் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு நியாயம் இல்லை என்று கண்டது. 2020 ஆகஸ்டில் உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் ஆலையைத் திறக்க மறுத்தன.

கடைசிப் பத்தாண்டைப் பார்த்துப் பேசுபவர்கள், மக்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மனு கொடுத்துக்கொண்டே இருந்ததை விட்டுவிடுகிறார்கள். மனு கொடுத்தபோது யாரும் கேட்கவில்லை. ஊர்வலமாக வந்தபோது சுட்டார்கள். அதற்குப் பிறகே மூடினார்கள்.

செம்புக் கணக்கிலும் ஒரு தவறு இருக்கிறது. தூத்துக்குடியில் இருந்தது சுரங்கம் இல்லை, உருக்காலை. கந்தகம் கலந்த செம்புத் தாதுவை அரைத்துச் செறிவூட்டிய பொடி, வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்தது. அதை உருக்கும்போது கந்தக டைஆக்சைடு வெளியேறும். அதைப் பிடித்துக் கந்தக அமிலமாக்க வேண்டும். மிஞ்சும் கசட்டை எங்காவது வைக்க வேண்டும். செம்பு கம்பியாகி வெளியூர் போய்விடும். புகையும் கசடும் ஊரில் தங்கும். இன்று உலகில் தட்டுப்பாடு அந்தத் தாதுப் பொடிக்குத்தான். உருக்காலைகள் தேவைக்கு மேல் இருக்கின்றன. தாது தருபவர் உருக்காலைக்குக் கொடுக்கும் கூலி 2024இல் டன்னுக்கு 80 டாலராக ஒப்பந்தமானது. 2025 நடுவில் சீன உருக்காலைகள் அதைப் பூஜ்ஜியத்துக்கு ஏற்றுக்கொண்டன. உருக்கிக் கொடுக்கக் கூலி வேண்டாம், தாது கிடைத்தால் போதும் என்ற நிலை. குஜராத்தின் முந்த்ராவில் அதானி குழுமம் 5 லட்சம் டன் உருக்காலையை 2024 மார்ச்சில் தொடங்கியது. அதற்கும் தாது வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே தூத்துக்குடியைத் திறந்தால் பூமியிலிருந்து ஒரு டன் செம்புகூடக் கூடுதலாக வெளியே வராது. இறக்குமதியாகும் பொருளின் பெயர் மாறும், புகை மட்டும் திரும்ப ஊருக்கு வரும்.

பக்கத்தில் இருக்கும் தங்கவயல்

சுரங்கம் எப்படி இருக்கும் என்று அறிய எங்கள் ஊர்க்காரர்கள் சிலிக்குப் போக வேண்டியதில்லை. எல்லையைத் தாண்டிப் பேருந்தில் போய் அன்றே திரும்பிவிடும் தூரத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே எடுத்தது தங்கம், செம்பு இல்லை. ஆனால் பூமிக்கடியில் யார் இறங்குகிறார்கள், மேலே யார் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதில் உலோகத்துக்கு உலோகம் பெரிய வித்தியாசம் கிடையாது.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து போன தலித் மக்களே சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பான்மையினர். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே அவர்கள் தோண்டினார்கள். பாறை வெடித்துச் சிதறும் ஆபத்தோடும், நுரையீரலில் கல்தூசி படிந்து உண்டாகும் சிலிக்கோசிஸ் நோயோடும் வாழ்ந்தார்கள். 1902இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பெங்களூரு தெருக்களுக்கு விளக்கு வந்தது அதற்கு மூன்றாண்டு கழித்து. நாட்டிலேயே முதலில் மின்சாரம் வந்த இடங்களில் ஒன்றில், தொழிலாளர் குடும்பங்கள் மூங்கில் தட்டி வீடுகளில் இருந்தன.

இந்தக் கதையை வெறும் அவலமாகச் சொல்லி முடித்தால் அந்த மக்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். தங்கவயலுக்குப் போனவர்கள் ஊர்ப் பண்ணையிலிருந்து தப்பிப் போனவர்கள். அங்கே கூலி காசாகக் கிடைத்தது. காசு கையில் வந்ததும் பள்ளி வந்தது, சங்கம் வந்தது, பத்திரிகை வந்தது. அயோத்திதாசர் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் இயங்கியது. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' இதழ், அவர் மறைவுக்குப் பின் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்து வெளிவந்தது. 1930இல், குற்றவாளிகளைப் போலத் தங்கள் கைரேகையைப் பதிவு செய்யும் திட்டத்தை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சுரங்கம் அவர்களைக் கொன்றது. ஊரோ அவர்களை வாழவே விடவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்கள். சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்று நகரத்தில் நடக்கும் விவாதத்தில் இந்தத் தேர்வின் கனம் தெரிவதே இல்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது. சயனைடு கலந்த கழிவு மேடுகள் ஊருக்கு நடுவே நிற்கின்றன. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீடுகளுக்குள் வருகிறது. சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். நூற்றிருபது ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு மிஞ்சியது ஒரு ரயில் சீசன் டிக்கெட். செம்புச் சுரங்கம் தோண்டப்போகும் இடங்களில் 'வேலைவாய்ப்பு' என்று சொல்லப்படும்போது, சுரங்கம் மூடிய மறுநாள் என்ன என்று கேட்க நமக்குத் தங்கவயல் கற்றுத் தந்திருக்கிறது.

அடுத்த குழி எங்கே?

இந்தியாவின் செம்பு இருப்பில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்டிலும், ஜார்கண்டின் சிங்பூமிலும், ராஜஸ்தானின் கேத்ரியிலும் இருக்கிறது. முதல் இரண்டும் பழங்குடி நிலங்கள். மலாஞ்ச்கண்டில் கோண்டு, பைகா மக்கள். சிங்பூமில் சந்தால், ஹோ மக்கள். நாட்டுக்குத் தேவையான செம்புத் தாதுவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இன்று இறக்குமதிதான். அதைக் குறைக்க வேண்டும் என்பதே அரசின் நோக்கம். 2023இல் ஒன்றிய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் செம்பும் இருக்கிறது.

இந்தப் பட்டியல்கள் என்ன செய்யும் என்பதை மேலூர்க்காரர்கள் அறிவார்கள். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி பக்கம் டங்ஸ்டன் எடுக்கும் உரிமை ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. ஊர் ஊராகக் கிராமசபைத் தீர்மானங்கள் வந்தன. மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. நல்ல வெற்றி. ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும், சுரங்கச் சட்டத்தின் முதல் அட்டவணை 'டி' பகுதியில் உள்ள முக்கியக் கனிமங்களுக்கும், மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றது அது. டங்ஸ்டன் அந்தப் பகுதியில் இருக்கிறது. செம்பு இப்போதைக்கு இல்லை. பற்றாக்குறைப் பேச்சு சூடாகும்போது அதையும் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

கருத்துக்கேட்பு ஒழுங்காக நடந்தாலும் அதில் யார் குரல் கேட்கும் என்பது அடுத்த கேள்வி. பழங்குடி மக்களிடம் சட்டத்தின் துணை கொஞ்சமாவது இருக்கிறது. 2013இல் நியமகிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராமசபைகளிடம் விட்டது. 12 கிராமசபைகளும் வேதாந்தாவின் பாக்சைட் திட்டத்தை வேண்டாம் என்றன. நிலமில்லாத தலித் குடும்பத்துக்கு அந்த அளவுகூட இல்லை. மேய்ச்சலும் விறகும் கூலி வேலையும் போகும். பட்டா இல்லாததால் இழந்தவர் பட்டியலில் பெயர் வராது. 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலத்தை நம்பி வாழும் நிலமற்றவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களாகக் கணக்கெடுக்கச் சொல்கிறது. சமூகத் தாக்க மதிப்பீடு அதற்கான வழி. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தின்படி. அதற்கு அந்த மதிப்பீடு தேவையில்லை. மின் வண்டித் தொழிற்சாலைக்காக எங்கள் பக்கம் நிலம் எடுக்கப்படும்போது, நிலம் உள்ளவருக்கு விலை பேசுவார்கள். அந்த நிலத்தில் முப்பது வருடம் தக்காளி பறித்தவரிடம் பேச ஆளில்லை.

தெருவில் இருக்கும் சுரங்கம்

உலகம் பயன்படுத்தும் செம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஏற்கெனவே பயன்பட்ட செம்பை உருக்கி எடுத்தது. செம்பை எத்தனை முறை உருக்கினாலும் தரம் கெடாது. பாறையை உடைக்க வேண்டியதில்லை, காட்டை அழிக்க வேண்டியதில்லை. பற்றாக்குறைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அந்தப் பதிலைத் தினமும் கையால் செய்துகொண்டிருப்பவர்கள் யார்?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை சாலையோரக் காயலான் கடைகளைப் பாருங்கள். பழைய மோட்டாரைச் சுத்தியலால் உடைத்துச் சுருளை உருவி எடுப்பவர், வயரைக் குவித்துத் தீ வைத்துப் பிளாஸ்டிக்கை எரித்துக் கம்பியைப் பிரிப்பவர், விடியலில் சாக்குப் பையோடு குப்பை மேட்டில் தேடுபவர். பெரும்பாலும் தலித்துகள், ஏழை முஸ்லிம்கள், நாடோடிச் சமூகத்தினர். குப்பையைத் தொடும் வேலையைச் சாதி யாருக்கு ஒதுக்கியதோ அவர்களுக்கே செம்பைப் பிரிக்கும் வேலையும் ஒதுங்கியிருக்கிறது. என் ஆய்வுக்காக நான் பேசிய ஒரு பெரியவர், வயர் எரிக்கும் புகையில் சாப்பாட்டு வாசனையே தெரியாமல் போய்விட்டது என்றார். பி.வி.சி. எரியும் புகையில் டையாக்சின் இருக்கும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. கம்பியைப் பிரிக்கும் சிறிய இயந்திரம் ஒன்று இருக்கிறது என்றும் சொன்னதில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். எங்கேயாவது போர் மோட்டார் கேபிள் அறுபட்டுத் திருடுபோனால், காவல் நிலையத்திலிருந்து முதலில் ஆள் வருவது அவர் குடியிருப்புக்குத்தான். குற்றப் பரம்பரைச் சட்டம் 1952இல் ஒழிந்தது. செம்பு விலை ஏறினால் திருட்டு ஏறும், திருட்டு ஏறினால் சந்தேகம் எந்தத் தெருவுக்கு வரும் என்பது இன்றும் முன்கூட்டியே தெரியும்.

அரசு மறுசுழற்சியைக் கவனிக்கத் தொடங்கியிருக்கிறது. மின்னணுக் கழிவுக்கான புதிய விதிகள் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. பொருளைச் செய்து விற்ற நிறுவனமே அதன் கழிவுக்கும் பொறுப்பு என்கின்றன அவை. 2025இல் முக்கியக் கனிம மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் சான்றிதழும் ஊக்கத்தொகையும் பதிவு செய்த ஆலைக்குப் போகும். அந்த ஆலைக்குச் சரக்கு சேர்த்துக் கொடுத்தவர் எந்தக் காகிதத்திலும் இருக்க மாட்டார். லாபம் வரும் தொழில் என்று தெரிந்ததும் அது 'தொழில்துறை' ஆகும். இத்தனை நாள் செய்தவர்கள் 'முறைசாராதவர்கள்' என்று வெளியே நிறுத்தப்படுவார்கள். தோல் தொழிலில் நாம் இதைப் பார்த்திருக்கிறோம்.

நாம் கேட்க வேண்டியவை

செம்பு வேண்டும், ஆனால் என்ன விலைக்கு, யார் செலவில் என்பதுதான் நம் கேள்வி. இந்தியாவில் ஓர் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் அரைக் கிலோ செம்பு பயன்படுகிறது. உலகச் சராசரி சுமார் 3 கிலோ. நம் தேவை கூடும், கூடத்தான் வேண்டும். அந்தக் கூடுதல் செம்பு காலனியின் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அரசுப் பேருந்துக்கும் வருமா, வீட்டுக்கு மூன்று காராக நிற்குமா என்பதும் அரசியல்தான். ஒரு காருக்கு 80 கிலோ என்றால், எல்லோருக்கும் பொதுவான மின் பேருந்தே செம்புப் பற்றாக்குறைக்குப் பாதி மருந்து.

சுரங்கமானாலும் உருக்காலையானாலும் கருத்துக்கேட்பிலிருந்து எந்தக் கனிமத்துக்கும் விலக்கு கூடாது. செப்டம்பர் 2025 குறிப்பாணை திரும்பப் பெறப்பட வேண்டும். கருத்துக்கேட்பு ஊர் மண்டபத்தில் மட்டும் நடந்தால், ஊர் மண்டபத்துக்குள் போக முடியாதவரின் கருத்து கேட்கப்படாது. காலனியிலும் பழங்குடிக் குடியிருப்பிலும் தனியே நடத்தி, தனியே பதிவு செய்ய வேண்டும்.

நிலமற்றவர்களைக் கணக்கெடுக்காமல் தமிழ்நாட்டில் இனி ஒரு தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கக் கூடாது. 2015இலிருந்து சுரங்க மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி சேருகிறது. அது எந்தத் தெருவில் செலவானது என்பது சாதிவாரியாக வெளியிடப்பட வேண்டும்.

சிலிக்கோசிஸ் நோய்க்கென்று ராஜஸ்தான் 2019இல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. நோயைப் பதிவு செய்யவும், நோயாளிக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் உதவித்தொகை கொடுக்கவும் அதில் வழி இருக்கிறது. கல்குவாரிகள் நிறைந்த கிருஷ்ணகிரியில் கல்தூசி தின்று இருமுபவர்களுக்கும் அதே உரிமை வேண்டும். காசநோய் என்று எழுதி அனுப்பினால் கணக்கு முடிந்துவிடாது.

காயலான் கடைத் தொழிலாளர்களுக்கு அடையாள அட்டையும், வயர் பிரிக்கும் இயந்திரமும், கூட்டுறவுச் சங்கமும் வேண்டும். மறுசுழற்சி ஊக்கத்தொகையில் சங்கத்துக்கு நேரடிப் பங்கு வேண்டும். தங்கவயல்காரர்கள் சங்கமாக நின்றபோதுதான் கைரேகையை மறுக்க முடிந்தது.

இந்தக் கோரிக்கைகளைப் பெரிய மாநாடுவரை தள்ளிப்போட வேண்டாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எங்கள் ஊரில் இரண்டு தீர்மானங்களை எழுதிக் கொடுப்பதாக இருக்கிறோம். ஒன்று நிலமற்றவர் கணக்கெடுப்புக்கு, இன்னொன்று பழைய உலோகத் தொழிலாளர் பதிவுக்கு. ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை பக்கமுள்ள தோழர்கள் அவரவர் ஊரிலும் இதைச் செய்யலாம். தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்ற மறுத்தால், மறுத்ததையும் எழுத்தில் வாங்குங்கள்.

பாட்டிக்கு இப்போது எழுந்து நடக்க முடிவதில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது அம்மா அந்தச் செம்புக் குடத்தில்தான் பிடிக்கிறார். அதை ஏன் விற்கவில்லை என்று கேட்டேன். "அதுல தண்ணி எடுத்துட்டு ஊர்த்தெருவுல ஒருநாள் நடக்கணும்னு இருந்தேன், நடக்கல. உங்கம்மா நடந்துட்டா, அதுக்கப்புறம் எதுக்கு விக்கிறது?" என்றார்.